எங்கள் வகுப்பு இடைவேளையில் என்ன சாப்பிடுகிறது

பிள்ளைகளின் ஆய்வு என்றால் அந்தப் பாடசாலையில் அது வாப்பாமாரின் ஆய்வு. வருடா வருடம் கம்பளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, அச்செடுத்துக் கொடுக்கிற கொமியூனிகேஷன் கடைகளில் போய் நின்று, "டெங்கு நுளம்பு, தரம் நாலு, கலர்ல ஒண்டு" என்று கேட்பார்கள். கால் மணி நேரத்தில் சுருள் கம்பி கோத்த புத்தகம் கைக்கு வந்துவிடும். பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் முதற்பக்கத்தில் தன் பெயரை எழுதுவதுதான். சில வீடுகளில் அதையும் மூத்த ராத்தாமார் எழுதிக் கொடுத்தார்கள்.

தரம் நான்கின் வகுப்பாசிரியை றமீலாவுக்கு இந்தக் கூத்தைக் கண்டாலே ஆகாது. பிலிமத்தலாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஏழேகாலுக்கெல்லாம் வகுப்பில் நிற்கிற மனுஷி அவள். பதினாறு வருட சேவை. தரம் ஐந்துக்குப் போனால் புலமைப்பரிசில் பரீட்சை வந்து பிள்ளைகளின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு முன் ஒரு வருடமாவது இதுகள் சொந்தக் கண்ணால் எதையாவது பார்க்கட்டும் என்று பிடிவாதமாக நின்றாள். இந்த வருடம் சட்டம் போட்டாள். கேள்வி பிள்ளையுடையது. பார்ப்பதும் எழுதுவதும் பிள்ளை. ஆய்வுக் கொப்பி வகுப்பு அலுமாரியை விட்டு வீட்டுக்குப் போகாது. கண்டதை எழுதலாம், நினைத்ததை எழுதக் கூடாது. எடுத்த கேள்வியை விட்டு வெளியே போகக் கூடாது.

நல்ல சட்டங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தொரு பிள்ளைகளிடமிருந்தும் கேள்வி கறப்பதற்கு மட்டும் இரண்டு கிழமை போயிற்று. ஸாகி பாடசாலையின் ஐந்து குழாய்களில் எதில் போத்தல் சீக்கிரம் நிரம்பும் என்று பார்க்கப் போனான். அஸ்ஃபர், பள்ளிவாசல் மதிலில் ஒரு நாளைக்கு எத்தனை குரங்கு வந்து உட்காருகிறது என்று எண்ணப் போனான். ஒருவனுடைய கேள்வி, உம்மா ஏன் எப்போதும் ஏசுகிறா என்பது. அதை மட்டும் றமீலா சிரித்துக்கொண்டே மாற்றச் சொன்னாள்.

இன்ஷிராவின் கேள்வி அவளுடைய கெட்ட பழக்கத்திலிருந்து பிறந்தது. அடுத்த பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தன் சாப்பாடு இறங்காது. அதற்காகவே கிழமைக்கு இரண்டு முறைப்பாடு வரும்.

"டீச்சர், எல்லாரும் இடைவேளைக்கு என்ன சாப்பிடுறாங்கண்டு நான் பாக்கவா?" என்று அவள் கேட்டபோது, திருட்டுப் பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற வேலையென்று றமீலாவுக்குத் தெரிந்தது. இருந்தாலும் பிடித்திருந்தது.

"எத்தன நாள் பாப்பீங்க?"

"ஹஜ்ஜுப் பெருநாள் முடியுற வரைக்கும்."

"ஒருத்தரையும் பாத்துச் சிரிக்கப்படாது. ஒருக்காத்தான் கேக்கணும். அவங்க சொல்றத அப்படியே எழுதணும். சரியா புள்ள?"

"சரி டீச்சர்."

கொப்பியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள் இன்ஷிரா. இடப்பக்கம் முப்பத்தொரு பெயர், மேலே திகதிகள். ஒவ்வொரு நாளும் இடைவேளை மணி அடித்ததும் பென்சிலும் கையுமாகக் கிளம்பிவிடுவாள். பாணும் பருப்பும். ரோல்ஸ். மாலு பான். நூடில்ஸ். சோறு, முட்டை. பிள்ளைகள் முதல் இரண்டு நாள் கோணங்கி காட்டினார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

இருபத்தேழாவது பெயர் ஜஹானா.

ஜஹானா தை மாதத்தில்தான் அந்தப் பாடசாலைக்கு வந்தவள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலிருந்து உம்மாவும் அவளும் மூன்று வயதுத் தம்பியுமாக வந்து, ஒரு கடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வாப்பா கூட வரவில்லை, எங்கே என்றும் யாருக்கும் தெரியவில்லை. உம்மா, சின்னவனைக் கடைக்காரக் கிழவரிடம் விட்டுவிட்டு, கெலிஓயாப் பக்கம் கராம்பும் மிளகும் துப்புரவு செய்து பொதி கட்டுகிற இடத்துக்கு விடியவே போய் இருட்டித் திரும்புகிறவள். பெற்றோர் கூட்டத்துக்கு அவள் வந்ததே இல்லை. ஊர்ப் பெண்களில் அவளோடு நாலு வார்த்தை பேசியவர் யாரும் இல்லை. பிள்ளை மட்டும் சீருடையைத் துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, கையெழுத்து அச்சுப் போல எழுதிக்கொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் இரண்டாம் வரிசையில் இருந்தாள். தொந்தரவு கொடுக்காத பிள்ளையை எந்த ஆசிரியையும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.

முதல் நாள் திங்கட்கிழமை. இன்ஷிரா கேட்டபோது ஜஹானா, "நான் நோன்பு" என்றாள். திங்களும் வியாழனும், கட்டாயமில்லாத, சுன்னத்தான நோன்பு வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. இன்ஷிரா அப்படியே எழுதினாள். செவ்வாய் அரை ரொட்டி. புதன், நோன்பு. வியாழன், நோன்பு. வெள்ளி, நோன்பு.

கதையைக் கேட்கிறவர்களுக்கு விஷயம் இப்போதே விளங்கியிருக்கும். அந்தப் பிள்ளையிடம் சாப்பிட ஒன்றும் இருக்கவில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து இன்னொரு பிள்ளை என்ன சாப்பாடு என்று பென்சிலோடு வந்து கேட்டால், ஒன்பது வயதில் வேறு என்ன சொல்வது? அந்த ஊரில் பசியை மறைக்க அதைவிட மரியாதையான போர்வை கிடையாது. விளங்க வேண்டியவர்களுக்கு மட்டும் விளங்கவில்லை.

இரண்டாம் கிழமை றமீலா கொப்பிகளைப் பார்வையிட்டாள். ஜஹானாவின் வரிசையில், ஒரு நோன்புக்குக் கீழே, கட்டத்துக்குள் அடங்காமல் நுணுக்கி எழுதியிருந்தது: மூலைக் குழாயில் தண்ணீர் குடித்தாள். நிறையக் குடித்தாள்.

"இது என்னத்துக்கு?"

"நான் கண்ட டீச்சர். நோன்பு வெச்சிக்கிட்டு தண்ணி குடிச்ச."

றமீலா அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள். ஏதோ ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது உண்மை. ஆனால் பதில் உடனே வந்துவிட்டது. சின்னப் பிள்ளை, மறந்து குடித்திருக்கும், மறந்து குடித்தால் நோன்பு முறியாது என்று மார்க்கமே சொல்கிறது. அதைவிட, அடுத்தவர் நோன்பைத் துருவிப் பார்ப்பது நல்ல பழக்கமா? அதோடு சட்டமும் இருக்கிறதே.

"உங்கட கேள்வி என்ன?"

"சாப்பாடு."

"தண்ணி சாப்பாடா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப இது உங்கட கேள்விக்கு வெளியே ஈக்கிது" என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் அந்த வரியை ஒரே கோட்டில் வெட்டினாள். பிள்ளைக்கு ஆய்வின் ஒழுங்கைப் படிப்பித்துவிட்ட திருப்தி அவளுக்கு. இன்ஷிரா அதன் பிறகு தண்ணீரைப் பற்றி எழுதவில்லை.

மூன்றாம் கிழமை முடிவில் எண்ணிப் பார்த்தபோது ஜஹானாவுக்குப் பதினைந்து நாளில் பதினொரு நோன்பு. மற்ற நான்கு நாள் அரை ரொட்டி, பிஸ்கட், அவித்த கிழங்கு, அஸ்ஃபர் கொடுத்த பாண் துண்டு. அதைப் பார்த்த றமீலாவுக்கு மேனி சிலிர்த்தது. அழ வேண்டிய இடத்தில் அவள் பெருமைப்பட்டாள். கொப்பியை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"பாருங்க ஹஸ்ரத், நாலாம் வகுப்புப் புள்ள. பதினஞ்சு நாள்ல பதினொரு நோன்பு."

இஸ்லாம் பாடம் எடுக்கிற தாஸிம் மௌலவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். "நம்மட பெரியாக்களே ரமழான் போனா எல்லாத்தையும் மறந்துர்ற. இந்தப் புள்ளய நாலு பேருக்கு முன்னால பாராட்டணும் டீச்சர். மத்தப் புள்ளைகளுக்கும் ஒரு ஊக்கம்."

தாஸிம் மௌலவி நல்ல மனிதர். றமீலாவும் நல்லவள்தான். இந்தக் கதையில் நடந்த கெடுதி முழுவதையும் நல்லவர்களே செய்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர் ஜஹானாவை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னிறக் கரை போட்ட சான்றிதழ் ஒன்றும் தொழுகைச் சால்வை ஒன்றும் கொடுத்தார். முந்நூறு பிள்ளைகளும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். ஜஹானா மேடையில் நின்று தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அடக்கம் என்று பின்னால் நின்ற ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள்.

பாடசாலை விட்டபோது அவள் றமீலாவிடம் வந்தாள்.

"டீச்சர், சேட்டிபிகேட்ட இங்கயே வெச்சிக்கொள்ளவா? ஊட்டுக்குக் கொண்டு போனா தம்பி கிழிச்சிருவான்."

"உம்மாக்குக் காட்டத் தேவயில்லயா?"

"பொறகு காட்டுறேன்."

சால்வையையும் சேர்த்து அலுமாரியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதுவும் அடக்கம் என்றே றமீலாவின் கணக்கில் சேர்ந்தது.

அதன் பிறகு வகுப்பில் ஜஹானாவுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. இடைவேளையில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை பிஸ்கட்டை உடைத்து நீட்டப் போனால், "அவ நோன்பு, குடுக்காத, பாவம்" என்று நாலு பேர் தடுத்தார்கள். சிலர் பக்தியோடு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அஸ்ஃபர் தன் பாணை மூடிவைத்துக்கொண்டு அவளுக்கு முதுகு காட்டித் தின்றான், அவளுக்கு ஆசை வரக்கூடாதாம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் பறக்கவில்லை, மானம் உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. பாடம் நடக்கும்போது மேசையில் தலையைச் சாய்க்கத் தொடங்கினாள். றமீலா அவளை எழுப்பவில்லை. நோன்பாளி, கொஞ்சம் படுக்கட்டும் என்று விட்டாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் சனிக்கிழமை வந்தது. பள்ளிவாசல் மஹல்லாவில் பெயர் பதிந்த குடும்பங்களுக்கெல்லாம் அட்டைக்கு இவ்வளவு என்று பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சி பங்கிட்டார்கள். வாடகைக்கு வந்தவர்களின் பெயர் புத்தகத்தில் ஏறியிருக்கவில்லை. அட்டை இல்லாத வீட்டுக்கு இறைச்சியும் போகவில்லை. இதில் யாரும் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை.

திங்கட்கிழமை பாடசாலை தொடங்கியது. இடைவேளைக்கு வகுப்பு முழுக்க இறைச்சி வாசம். பொரித்த இறைச்சி, இறைச்சிச் சோறு, இறைச்சி வைத்த பாண். இன்ஷிராவுக்குக் கட்டம் நிரப்பவே கை வலித்திருக்கும். இருபத்தேழாவது பெயருக்கு வந்தாள்.

"நான் நோன்பு" என்றாள் ஜஹானா. திங்கட்கிழமை, பாராட்டு வாங்கித் தந்த நாள். அவள் கணக்கில் அதைவிடப் பாதுகாப்பான நாள் இல்லை.

இன்ஷிராவின் பென்சில் நின்றது. போன கிழமைதான் தாஸிம் மௌலவி படிப்பித்திருந்தார். பெருநாளன்றும், அதற்குப் பிந்திய மூன்று நாளும் நோன்பு வைப்பது ஹராம், மார்க்கம் விலக்கியது. அவை சாப்பிட்டுச் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாட்கள்.

"இண்டைக்கு நோன்பு ஹராம்" என்றாள் இன்ஷிரா. அவளுடைய குரல் எப்போதும் கொஞ்சம் பெரியது. "ஜஹானா ஹராமான நோன்பு வெச்சிருக்க."

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சான்றிதழ் வாங்கியவள் ஹராம் செய்தால் வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து தாஸிம் மௌலவி வந்தார். அவர் ஏசவில்லை. அவளுக்குப் பக்கத்தில் குந்தி, "மகள், தெரியாம வெச்சா குத்தமில்ல. இப்பவே முறிச்சிருங்க. பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்க" என்று கனிவாகச் சொன்னார்.

"எனக்குப் பசில்ல ஹஸ்ரத்."

"பசி இல்லாட்டியும் சாப்பிடணும். இண்டைக்கு அதான் நன்ம."

முப்பது பெட்டிகள் அவளை நோக்கி நீண்டன. இத்தனை நாளும் முதுகு காட்டிய அஸ்ஃபர் மிகப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான். மௌலவியும் தன் கையால் ஒரு பிடி சோற்றை இறைச்சியோடு ஊட்டினார். முதல் வாயை அவள் மென்றாள். பிறகு மெல்லவில்லை, விழுங்கினாள். இரண்டு கையாலும் எடுத்து, மூச்சு விடாமல், எண்ணெய் முழங்கையில் வழிய வழியத் தின்றாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் றமீலா ஆசிரியர் அறையிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

பதினாறு வருடத்தில் அவள் எத்தனையோ பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு பிள்ளை சாப்பிட்டு அவள் கண்டதில்லை. கண்ட அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. "போதும், போதும், மெல்ல" என்று அவள் ஓடி வருவதற்குள் ஜஹானா எழுந்தாள், சுவரைப் பிடித்தாள், தின்றதெல்லாவற்றையும் அப்படியே வாந்தியெடுத்துவிட்டு அதன் மேலேயே விழுந்தாள்.

பாடசாலைக்கு முன்னால் நின்ற த்ரீவீலில் பிள்ளையைத் தூக்கிப் போட்டார்கள். றமீலா ஏறும்போது இன்ஷிரா ஓடி வந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர்.

"நான் கண்டதத்தானே சொன்ன டீச்சர்" என்று விக்கினாள். பிறகு ஆய்வுக் கொப்பியை றமீலாவின் மடியில் போட்டாள். "டொக்டர் கேப்பாரு, அவ என்ன சாப்பிட்டண்டு."

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்கத்தான் செய்தார். அஜந்தன் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளம் பையன். பிள்ளையின் விரலில் குத்திச் சீனி பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார், சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார். சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"பிள்ளை கடைசியா எப்ப ஒழுங்காச் சாப்பிட்டது?"

றமீலா கொப்பியை நீட்டினாள். அவர் கட்டிலின் ஓரத்தில் கொப்பியை விரித்து வைத்து, அந்த ஒரு வரிசையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போனார். பிறகு ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இந்த நாலு நாளும் ஏதோ கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறா. இந்தத் திகதிக்குப் பிறகு ஒரு நாளும் இல்லை. அண்டைக்கு என்ன நடந்தது?"

அது சான்றிதழ் கொடுத்த திங்கட்கிழமை. அரை ரொட்டி, கிழங்கு, யாரோ கொடுத்த பாண் துண்டு என்று கிடைத்த அந்தக் கொஞ்சத்தையும் தானே போய்ப் பிடுங்கிவிட்டு வந்ததை றமீலா ஒன்பது வயதுப் பிள்ளையின் பென்சில் எழுத்தில் பார்த்தாள்.

"பரிசு குடுத்தோம்" என்றாள்.

டொக்டருக்கு விளங்கவில்லை. அவர் விரல் இப்போது சிவப்புக் கோட்டில் நின்றது. "தண்ணி நிறையக் குடிச்சவ எண்டு எழுதிக் கிடக்கு. ஆர் இதை வெட்டினது?"

"நான்தான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இண்டைக்குத் தப்பிட்டா. ஆனா சாப்பாடு மெல்ல மெல்லத்தான் குடுக்கோணும். ஒரேயடியாக் குடுத்தா இந்த உடம்பு தாங்காது. விளங்குதோ? தாயை வரச் சொல்லுங்கோ" என்று கொப்பியை மூடிக் கையில் கொடுத்தார்.

உம்மா வரும்போது மூன்று மணி. வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், உடுப்பெல்லாம் கராம்பு வாசம். மெலிந்து, முந்தானையால் தலையை இறுக்கிக்கொண்டு, முப்பது வயது இருக்கும். பிள்ளை கண் விழித்திருந்தது. அதன் நெற்றியைத் தடவிப் பார்த்தாள், சேலைன் போத்தலைப் பார்த்தாள், பிறகு கட்டிலுக்கு மறுபக்கம் நின்றவளைப் பார்த்தாள்.

"நீங்களா றமீலா டீச்சர்?"

றமீலா தலையாட்டினாள். ஏச்சுக்குத் தயாராக நின்றாள். கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்ளும் மனதோடுதான் நின்றாள்.

உம்மா சுற்றி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யணும் டீச்சர். ஒருக்கா வந்து காணணும் காணணும்ண்டு நெனச்ச, வேலயில லீவு தாறல்ல. ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்கு துஆ செய்ற."

றமீலாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நீங்க மட்டும் எங்கட புள்ளைக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு தராட்டி, நான் என்ன செய்வேன்? ஊட்டுல ஈக்கிற கொஞ்சத்த சின்னவனுக்கு வெச்சிட்டு நிம்மதியா வேலைக்குப் போறது உங்களாலதான். இண்டைக்கு என்ன குடுத்தீங்க டீச்சர்? அது ஒத்துக்கொள்ளல்லயோ தெரியா."

றமீலா கட்டிலைப் பார்த்தாள். ஜஹானா தலையணையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்கள் கெஞ்சின. சொல்லாதீங்க டீச்சர் என்று வாய்விட்டுச் சொன்னது போலவே இருந்தது. சொன்னால் தம்பியின் சாப்பாடு பாதியாகும், அவ்வளவுதான் அந்தப் பிள்ளையின் பயம். பாடசாலையில் ஒரு பொய், வீட்டில் ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் இத்தனை நாளும் அவள் ஒருத்திதான் பட்டினி கிடந்திருக்கிறாள்.

சொல்லாமல் விட்டுவிட றமீலாவுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. நாளையிலிருந்து தானே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தால் பொய் உண்மையாகிவிடும். உம்மாவின் துஆவும் வீணாகாது. யாருக்கும் தெரியவும் வராது. ஆனால் சாப்பாடு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னது இந்தத் தாய்க்குத் தெரியாவிட்டால், இன்று இரவே பிள்ளைக்கு ஆபத்து.

"நான் சாப்பாடு குடுக்கல்ல" என்றாள்.

உம்மா சிரித்தாள். பல நாள் சிரித்துப் பழக்கமில்லாத சிரிப்பு. "தெரியும் டீச்சர், நீங்க இப்படித்தான் சொல்வீங்கண்டு ஜஹானா சொன்ன. வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியப்படாதுண்டு டீச்சர் சொன்ன, ஒருத்தருக்கிட்டயும் கேக்க வேணாம்ண்டு சொன்ன. நான் ஒருத்தருக்கிட்டயும் கேக்கல்ல."

"இல்லம்மா. உண்மையாத்தான் சொல்றேன். எங்கட ஸ்கூல்ல சாப்பாடு குடுக்கிறல்ல. நானும் குடுக்கல்ல. ஒரு நாளும் குடுக்கல்ல."

உம்மா இன்னும் கையை விடவில்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. "நீங்க குடுக்கிறதண்டு..." என்று தொடங்கி, மகளைப் பார்த்தாள். ஜஹானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

றமீலா மூன்றாம் தரமும் சொன்னாள். அப்போதுதான் கராம்பு மணத்த அந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"ராவைக்கும் அவ அரை வயித்துக்குத்தான் திண்ட டீச்சர்" என்றாள் உம்மா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "டீச்சர் நெறையத் தந்த, இன்னம் செமிக்கல்லண்டு சொன்ன. அவட பீங்கான்ல மிஞ்சினத நான்தான் சின்னவனுக்குத் தீத்தின. ஒவ்வொரு நாளும் தீத்தின."

அதற்கு மேல் அவள் றமீலாவைப் பார்க்கவில்லை. ஒரு சொல் ஏசவுமில்லை. கட்டிலில் உட்கார்ந்து, சேலைன் ஏறாத பக்கத்துச் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினாள். மகளின் மேற்கையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சுற்றிப் பிடித்தாள். இரண்டு விரலும் ஒன்றையொன்று தொட்டன. சேலைன் ஊசி ஆடிவிடாமல் எட்டி, மற்றக் கையையும் அப்படியே பிடித்துப் பார்த்தாள்.